தொகுப்பூதியத்தில் தேயும் செவிலியர்கள்

அரசு மருத்துவமனைச் செவிலியர்களின் பணிச்சோர்வு குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் யோகாவும் மனநல ஆலோசனையுமே தீர்வுகளாக முன்வைக்கப்படுகின்றன. குறை செவிலியரிடம் இருப்பதாகக் கருதும் பார்வை இது. ஆனால், முறையாகக் கையாளப்படாத நீடித்த பணியிட நெருக்கடியின் விளைவே பணிச்சோர்வு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல் ஆகியவை அதன் கூறுகள். எனவே ஆராயப்பட வேண்டியது பணியிடமே.

முதற்காரணம் ஆள் பற்றாக்குறை. பயிற்சி மருத்துவமனைகளின் பொதுப் பிரிவில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பிற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். நடைமுறை இதற்கு வெகுதொலைவில் உள்ளது. தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்வதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. இந்தச் சாதனையைத் தாங்கும் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தை மூன்று செவிலியரைக் கொண்டு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு மூன்று முறைப்பணி எனில் வாரத்திற்கு 21. வார விடுப்பு ஒருநாள் தந்தால் மூவராலும் 18 முறைப்பணிகளையே நிறைவேற்ற முடியும். எஞ்சிய மூன்றும் எவரோ ஒருவரின் உறக்கத்திலிருந்து எடுக்கப்படுபவை. ஒருவர் நோயுற்றால் கணக்கு மேலும் குலைகிறது.

இரண்டாவது காரணம் ஒப்பந்த முறை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் 7,000-க்கும் மேற்பட்ட செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தேர்ந்தெடுத்தது. இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தபோது, 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராடினர். ஊதியம் பின்னர் 14,000, 18,000 என உயர்ந்தது; ஒரு பகுதியினர் கட்டங்கட்டமாக நிரந்தரமாக்கப்பட்டனர்; ஏனையோரின் காத்திருப்பு தொடர்ந்தது. கொரோனாக் காலத்தில் பணியமர்த்தப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. நாளை வேலை இருக்குமா என்று அறியாதவர், கூடுதல் பணியை மறுக்கவோ அவமதிப்பை எதிர்த்துப் புகார் அளிக்கவோ துணிய மாட்டார்.

பிரசவம் பார்க்கும் பெண்களே தங்கள் பிரசவத்திற்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பின்றி வாடியது இம்முறையின் உச்சம். அவ்வுரிமைக்காக ஒப்பந்தச் செவிலியர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2024-இல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. 1928-இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும்.

இது சாதி குறித்த கேள்வியுமாகும். குருதியையும் நஞ்சுக்கொடியையும் மலத்தையும் தீட்டென ஒதுக்கிய சமூகம், அவற்றைத் தொடும் உழைப்பை ஒருபோதும் மதித்ததில்லை. வட இந்தியாவின் பல பகுதிகளில் தாய் எனப்படும் மருத்துவச்சிகள் தலித் பெண்களாகவே இருந்தனர். தொப்புள்கொடி அறுக்க அவர்கள் அழைக்கப்பட்டனர்; பிள்ளை பிறந்த வீட்டில் சமமாக அமர்த்தப்படவில்லை. செவிலியர் பட்டயமும் சீருடையும் அந்த இழிவிலிருந்து விடுதலை தரும் என்று முதல் தலைமுறைப் பட்டதாரிகள் நம்பினர். இடஒதுக்கீடு வாயிலைத் திறந்தது. ஒப்பந்த முறையோ உள்ளே இருந்த ஆண்டு ஊதிய உயர்வு, பதவி உயர்வு, விடுப்பு, ஓய்வுக்காலப் பாதுகாப்பு ஆகியவற்றை அகற்றிவிட்டது. சேமிப்போ நிலமோ உள்ள குடும்பத்துப் பெண் இதைச் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கலாம். கடன் வாங்கிப் படித்த சேரிப் பெண்ணுக்கு அந்த வசதி இல்லை.

சம வேலைக்குச் சம ஊதியம் தற்காலிகப் பணியாளருக்கும் உரியது என்று 2016-இல் பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிரந்தரப் பணியிடம், வார விடுப்பைக் கணக்கில் கொண்ட ஆள்பலம், அச்சமின்றிப் புகார் அளிக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றுமே பணிச்சோர்வுக்கான மருந்து. இடஒதுக்கீட்டுக்காகப் போராடும் இயக்கங்களும் மாணவர்களும் செவிலியர் போராட்டத்தைத் தொழிற்சங்க விவகாரம் என்று ஒதுக்கக் கூடாது. உரிமைகள் நீக்கப்பட்ட பணியில் கிடைக்கும் இடஒதுக்கீடு வெறும் எண்ணிக்கையாகவே எஞ்சும்.