யானை வரும் கட்டம்

வலையபட்டித் திருவிழாவில் ஒரு ராத்திரி 'வள்ளி திருமணம்' நாடகத்துக்கு. பபூன் ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுத்து ஓய்வதற்குள் நடுச்சாமம் ஆகிவிடும். பொட்டலில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கும் பெண்கள் எழுந்து உட்காருவது நாரதர் தர்க்கத்துக்குத்தான். அவர் ஒன்று கேட்டால் வள்ளி மூன்றாகத் திருப்பிக் கொடுப்பாள். பாதி வசனம் அந்த இடத்திலேயே முளைப்பது.

விடியப் போகும்போது முருகன் கிழவனாக வருவான். தேனும் தினைமாவும் வாங்கித் தின்பான், விக்குகிறது என்று தண்ணீர் கேட்பான். எதற்கும் மசியவில்லை என்றதும் அண்ணன் பிள்ளையாரைக் கூப்பிடுவான். யானையைக் கண்டு அலறும் வள்ளி கிழவனையே கட்டிக்கொள்வாள். பொட்டலே சிரிக்கும். அப்பத்தா மட்டும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொல்லும்: "இம்புட்டு நேரம் வாயால செயிச்ச புள்ளய, ஆனையக் காட்டியில்ல மடக்குறாய்ங்க."

வட மாவட்டத் தெருக்கூத்தில் துகிலுரியும் இரவன்று, துச்சாதனன் வேடக்காரர் திரௌபதி அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சேலையில் கை வைக்கும் வழக்கம் உண்டு. வள்ளியிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கல்யாணத்தில் முடிகிற கதையல்லவா!

பாரதத்தில் சேலை வளர்ந்தது, கண்ணன் வந்தான். வங்க எழுத்தாளர் மகாஸ்வேதா தேவி எழுபதுகளில் எழுதிய 'திரௌபதி' கதையில் யாரும் வருவதில்லை. காவலில் சிதைக்கப்பட்ட சந்தால் பெண் தோப்தி, கொடுத்த சேலையை உடுத்த மறுத்து, அதிகாரி முன் அப்படியே போய் நிற்கிறாள். முதன்முதலாகப் பயப்படுவது அவன்.

இந்தக் கதையை 2000இல் மணிப்பூரில் நாடக இயக்குநர் கன்ஹைலால் மேடையேற்றினார். தோப்தியாக நடித்தவர் அவர் மனைவி சாவித்திரி ஹெய்ஸ்னம். கடைசிக் காட்சியில் துணியை உதறி நின்றார். இம்பாலில் வசை கிளம்பியது. நான்கு வருடம் கழித்து, 2004 ஜூலையில், அசாம் ரைபிள்ஸ் படையினர் வீட்டிலிருந்து பிடித்துப் போன தங்ஜம் மனோரமா என்ற பெண் குண்டடிபட்ட பிணமாகக் கிடைத்தார். 15ஆம் தேதி, அந்தப் படை குடியிருந்த காங்லா கோட்டை வாசலில் 12 தாய்மார்கள் ஆடையில்லாமல் நின்று, 'எங்களையும் வந்து கெடுங்கள்' என்று கத்தினார்கள். நாடகம்தான் அவர்களை அனுப்பியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேடையில் 'ஆபாசம்' என்று ஏசியவர்களால் வாசலில் அதே சொல்லைச் சொல்ல முடியவில்லை. அந்த நவம்பரில் படை கோட்டையைக் காலி செய்தது.

போன திருவிழாவில், ஒப்பனையைக் கலைத்துக்கொண்டிருந்த வள்ளியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். நம் யானைக் கட்டத்தை மாற்றிப் பார்த்தால் என்ன என்றும் கேட்டேன்.

"ஆனை வரலேன்னா விடியிறதுக்குள்ள கல்யாணம் எப்படிக்கா முடியும்?" என்று சிரித்தாள். தேங்காய் எண்ணெயை முகத்தில் தேய்த்துக்கொண்டே, "அந்த மணிப்பூர் அம்மாவுக்கு அப்ப என்ன வயசு?" என்றாள்.

ஐம்பது தாண்டியிருந்தது என்றேன்.

கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்தாள். "அதுக்கப்புறமும் அவுகளுக்கு நாடகம் கெடச்சுச்சா?"

கிடைத்தது என்றேன்.