தூண்டில் பாவம், திறந்துவிட்டால் புண்ணியமா?

போன கிழமை விடுதி அறையில் நாலு பேர் ஒரே போனைச் சுற்றி இருந்து ஒரு வீடியோ பார்த்தோம். எங்கோ குளிர் நாட்டு ஆறு. கெனு வள்ளத்தில் தனியாக ஒருவர். இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைத் தண்ணீரில் மெல்ல இறக்கி கார்ப் மீன் பிடிக்கிறார். பிறகு ஒரு பைக். மோட்டார் சைக்கிள் இல்லை, வாய் நிறையப் பல் உள்ள நீட்டு மீன். இரண்டையும் படம் எடுத்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டார்.

"எங்கட மகாவலியில இப்பிடி ஏலாதா?" என்றான் மட்டக்களப்புப் பொடியன். ஹட்டன் நண்பன் சிரித்தான். "ஏலும் மச்சான். ஆனா கெட்டம்பே பக்கம் எங்க மாமா தூண்டில் போட்டா, போற வாறவங்க எல்லாம் பாவம் செய்றவன பாக்குற மாதிரி பாக்குறாங்க. அந்த வெள்ளக்காரன் செஞ்சா அது ஸ்போர்ட்."

அன்று இரவு முழுக்க இதையேதான் கதைத்தோம். எங்கள் முடிவை இங்கே எழுதுகிறோம்.

மலையகத்தில் மீன் விளையாட்டுக்கு நூறு வருடத்துக்கு மேலான கதை இருக்கிறது. 1880களில் தோட்டத்துரைமார் தூண்டில் போட ஆசைப்பட்டு, கடல் கடந்து ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவந்து நுவரெலியாப் பக்க ஓடைகளில் வளர்த்தார்கள். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ரெயின்போ ட்ரவுட் நிலைத்தும் விட்டது. அந்த ஓடையில் முன்பு என்ன வாழ்ந்தது, இனி அதற்கு என்ன ஆகும் என்று யாரும் நின்று யோசிக்கவில்லை. துரைக்குப் பொழுது போக வேண்டும், அவ்வளவுதான்.

1952இல் எங்கள் கலைப்பீடம் பேராதனைக்கு வந்தது. அதே வருடம் திலாப்பியாவும் இலங்கைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது விளையாட்டுக்கு இல்லை, சாப்பாட்டுக்கு. இன்றைக்கும் குளத்து மீன் என்றால் பெரும்பாலும் அதுதான். அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் 1990இல், உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற மத எதிர்ப்பைக் காரணம் காட்டி நன்னீர் மீன்பிடிக்கான அரச ஆதரவையே நிறுத்தினார்கள். 1994 வரை அப்படித்தான். அதற்காக யாரும் மீன் சாப்பிடுவதை விடவில்லை. பிடிக்கிற ஏழைக்குக் கிடைத்த உதவிதான் நின்றது.

இனி கண்டி வாவிக்கு வருவோம். அங்கே தூண்டில் போட முடியாது. பொரி வாங்கிப் போடலாம், கரையில் நின்று மீன் வாய் திறப்பதைப் பார்க்கலாம். நாங்களும் போட்டிருக்கிறோம். அண்மைய வருடங்களில் அந்த வாவியில்தான் அலிகேட்டர் கார் என்ற மீன் கண்டுபிடிக்கப்பட்டது. வட அமெரிக்க மீன். பார்க்க அந்த வீடியோ பைக் மாதிரித்தான், ஆனால் ஆறடிக்கு மேலேயும் வளரும். மற்ற மீன்களைத் தின்று வாழும். இது நீந்தி வரவில்லை. மீன் தொட்டியில் விரலளவில் வாங்கி வளர்த்து, தொட்டி போதாமல் போனதும், கொல்ல மனம் வராமல் யாரோ விட்டிருக்க வேண்டும். விட்டவர் அன்று புண்ணியம் செய்த நிம்மதியோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

வாவி நிரம்பினால் தண்ணீர் மெத எல வழியாகப் போய் மகாவலியில் விழுகிறது. மகாவலிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் இந்த ஆற்றில் இருக்கின்றன. பாறையும் வேக நீரும் உள்ள இடத்தில் வாழும் லேபியோ ஃபிஷெரி அதில் ஒன்று. அணைகள் கட்டி அதன் ஓட்டத்தை ஏற்கனவே குறைத்துவிட்டோம். இனி அதன் மேல் இன்னொரு வாயையும் ஏவிவிட வேண்டுமா?

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. "வந்தேறி மீன்" என்று ஒருத்தி சொன்னதும் ஹட்டன் நண்பனின் முகம் மாறிவிட்டது. 1948இல் ஒரு சட்டம் போட்டு, அவன் பாட்டனைப் போன்ற லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர் ஆக்கிய சொல் அது. அந்தச் சொல்லை நாங்கள் மீனுக்கும் பாவிக்க மாட்டோம் என்று அன்றே முடிவெடுத்தோம். மனிதரை மீனோடு ஒப்பிட முடியாது. மீனிலும் கூட, வந்ததல்ல குற்றம். திலாப்பியாவும் வந்ததுதான், அது சோறு போடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: யார் கொண்டுவந்தார், எதற்காக, பிறகு பொறுப்பை யார் எடுத்தார்? ட்ரவுட்டுக்குத் துரை பொறுப்பெடுக்கவில்லை. காருக்குத் தொட்டிக்காரர் எடுக்கவில்லை.

அதனால் எங்கள் நிலைப்பாடு இதுதான். பிடிப்பது எல்லாம் பாவமும் இல்லை, விடுவது எல்லாம் கருணையும் இல்லை. திலாப்பியாவோ கார்ப்போ பிடித்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வையுங்கள். ஊர் மீன் மாட்டினால் கையை நனைத்துப் பிடித்து, மெதுவாக ஆற்றிலேயே விடுங்கள். தொட்டி மீனை எந்தக் காரணத்துக்காகவும் வாவியிலோ ஆற்றிலோ விடாதீர்கள். வளர்க்க ஏலாவிட்டால் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுக்கக் கேளுங்கள். அதற்கு முதல், எவ்வளவு வளரும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கெனு ஆசை இன்னும் போகவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு முதலில் கெட்டம்பேக்குப் போகிறோம், மாமாவிடம் தூண்டில் கட்டப் பழக. யாராவது ஒரு மாதிரிப் பார்த்தால், பார்த்துவிட்டுப் போகட்டும்.