தவறியது கையா, கருவியா?

தோழர்களே! கார்த்திகை நெருங்கினால் நம் திருவண்ணாமலையில் நடப்பது என்ன? மகாதீபக் கொப்பரையை எடுத்துப் பழுது பார்க்கிறார்கள். செப்பனிட்டு, வண்ணம் பூசி, பிறகுதான் மலைக்குத் தூக்குகிறார்கள். ஆண்டில் 11 நாள் எரியும் நெய்க்கொப்பரைக்கு அவ்வளவு அக்கறை! நல்லதுதான், குறை சொல்லவில்லை. இரவு பகலாகப் பெட்ரோல் ஓடுகிற குழாய்க்கு, அதைத் திறந்து மூடுகிற வால்வுக்கு, அந்த அக்கறை உண்டா என்பதுதான் என் கேள்வி.

ஜெய்ப்பூரைப் பாருங்கள். 2009 அக்டோபர் 29. சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கு. பக்கத்துக் கிடங்குக்குப் பெட்ரோல் அனுப்ப, மாலை வேளையில் குழாயைத் தயார் செய்தார்கள். குழாயின் குறுக்கே தகடு போட்டு அடைக்கும் கருவி ஒன்று உண்டு. தகட்டை மாற்றும்போது அதன் மேல்வாய் திறந்திருக்கும். அது திறந்திருந்த வேளையில் டேங்க் வால்வும் திறந்திருந்தது. பீறிட்டது பெட்ரோல்! அருகே நின்றவர் ஆவியில் மூச்சுத் திணறினார். உதவிக்கு ஓடியவரும் நிலைகுலைந்தார். ஒன்றேகால் மணி நேரம் கொட்டிற்று, தடுப்பாரில்லை! ஆவி வளாகமெங்கும் பரவியது, ஒரு பொறி, வெடித்தது! 11 பேர் மாண்டனர். ஒரு வாரத்துக்கு மேல் எரிந்தது நெருப்பு.

தொழிலாளியின் தவறு என்று சொல்லிவிடுவது எளிது. செத்தவன் எழுந்து மறுப்பா சொல்லப் போகிறான்? வரிசை மாறித் திறந்தது தவறுதான்; மூடி மறைக்க வேண்டாம். ஆனால் எம்.பி. லால் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அதோடு நிற்கவில்லை. கன்ட்ரோல் ரூமிலிருந்தபடியே வால்வை மூடும் வசதி வேலை செய்யவில்லை என்று கண்டது. ஆவிக்குள் நுழைந்து மூடலாம் என்றால், அதற்கு வேண்டிய மூச்சுக் கருவியும் கைக்கு எட்டவில்லை. கை தவறியது ஒரு கணம். கருவி செத்துக் கிடந்ததோ அதற்கு வெகு முன்பிருந்தே! விசை ஒன்றை அழுத்தி நிறுத்தியிருக்க வேண்டிய பெட்ரோலை நிறுத்த, மனிதன் தன் நுரையீரலைக் கொடுத்தான்.

இது ஒரே ஒருமுறை நேர்ந்ததா? 2014 ஜூன் 27, ஆந்திரத்தின் நகரம் என்ற ஊர். கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் விடியற்காலையில் வெடித்தது. 22 உயிர்கள் போயின. ஈரம் நீக்கிய வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈரவாயுவை ஓட்டினார்கள். நீர் தங்கியது, இரும்பு அரித்தது. அங்கே எந்தத் தொழிலாளியின் கை தவறிற்று? தூங்கிக் கொண்டிருந்தவர்களையுமா குற்றம் சொல்வது?

இரண்டும் தனியார் முதலாளியின் சொத்தல்ல. பொதுத்துறை, நம் சொத்து! அதனால்தான் உரிமையோடு கேட்கிறோம். பழுது பார்ப்பதை ஒரு கணக்கிலும், தொழிலாளியின் பாதுகாப்பை வேறொரு கணக்கிலும் நிர்வாகம் எழுதலாம். வால்வருகே நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றே. தலைக்கவசமும் காலணியும் கொடுத்துவிட்டுச் செத்த வால்வின் பக்கத்தில் நிறுத்துவது பாதுகாப்பா?

1984இல் போபால் செத்தது. அதன் பிறகு, 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் 41-ஜி பிரிவு வந்தது. ஆபத்தான தொழில் நடக்கும் ஆலையில் பாதுகாப்புக் குழு இருந்தே தீரவேண்டும். நிர்வாகத்துக்கு எத்தனை பேரோ, தொழிலாளர்க்கும் அத்தனை பேர்! 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் நிற்கிறது. அதிலும் குழு உண்டு, அரசு உத்தரவிட்டால்! ‘வேண்டும்’ என்றிருந்த இடத்தில் ‘லாம்’ வந்து உட்கார்ந்திருக்கிறது.

மணலிக்கும் எண்ணூருக்கும் ஒப்பந்த வேலைக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகள் தீபத்துக்கு வருவார்கள். அவர்களிடம் கேளுங்கள் தோழர்களே: உன் ஆலையில் அந்தக் குழு கூடுகிறதா? கடைசியாக என்று கூடிற்று? ஒப்பந்தக்காரன் ஆள் என்று உன்னை வெளியே நிறுத்துகிறார்களா, உள்ளே நாற்காலி உண்டா?