கெட்டதா, கெடுத்ததா?

ஆம்ஸ்டர்டாம் நகரின் குழந்தை மருத்துவர் கொர்னேலியா டி லாங்கே, 1933ஆம் ஆண்டில் இரு பெண் குழந்தைகளைப் பற்றி எழுதினார். இணைந்த புருவம், சிறிய கைகால்கள், பின்தங்கிய வளர்ச்சி. இருவரும் உறவினர் அல்லர். எனினும் உடன்பிறந்தார் போன்ற முகச்சாயல். அந்நிலைக்கு அவர் இட்ட இலத்தீன் பெயருக்கு 'ஆம்ஸ்டர்டாமின் சீர்கெட்ட வகை' என்று பொருள் கொள்ளலாம்.

இலக்கணம் கற்பிக்கும் நமக்கு இச்சொல் உறுத்துகிறது. 'கெட்டது' என்று தன்வினையில் சொன்னாலும், கேட்பவர் மனம் 'கெடுத்தவர் யார்?' என்று பிறவினைக்குத் தாவிவிடும். அவ்வினா பெரும்பாலும் தாயிடமே சென்று நிற்கும். குழந்தையின் உடற்குறையைத் தாயின் முன்வினையோடு முடிச்சிடும் பேச்சு நம்மிடையேயும் உண்டன்றோ?

2004இல் பிலடெல்பியாவிலும் நியூகாசிலிலும் இருந்த இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே ஒரே மரபணுவைக் கண்டறிந்தன. ஐந்தாம் குரோமோசோமில் உள்ள அதன் பெயர் என்ஐபிபிஎல். சிறகோரம் கிள்ளப்பட்டாற்போன்ற பழ ஈக்களில் முன்பே அறியப்பட்டிருந்த 'நிப்டு-பி' என்னும் மரபணுவை ஒத்தது என்பதால் வந்த பெயர் அது.

செல் பிரியுமுன் ஒவ்வொரு குரோமோசோமும் இரட்டிக்கிறது. பிரியும் தருணம் வரை இரு படிகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹிசின் என்னும் வளையப் புரதம். அவ்வளையத்தை மரபிழையின்மீது ஏற்றுவதே இம்மரபணு தரும் புரதத்தின் பணி. அவ்வளையமே இழையைக் கண்ணிகளாக மடிக்கவும் செய்கிறது. 2019இல் சோதனைக்கூடத்தில் இதனை நேரில் கண்டனர். வியப்பு யாதெனில், இக்குழந்தைகளிடம் செல் பிரிதல் பெரும்பாலும் சீராகவே நடக்கிறது. தடுமாறுவது பிற மரபணுக்களின் இயக்கமே: பலவும் சற்றுக் கூடியோ குறைந்தோ இயங்குகின்றன. இரு படிகளுள் ஒன்று பழுதுற்றாலே இது நேர்ந்துவிடும்.

அப்பழுது பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதன்று, புதிதாகத் தோன்றுவது.

மரபணுவைக் கண்டதால் நோய் தீர்ந்ததா என்று கேட்பார் உளர். தீரவில்லைதான். ஆயினும் 'நான் என்ன தவறு செய்தேன்?' என்று கேட்கும் தாய்க்கு, 'ஒன்றும் செய்யவில்லை அம்மா' என்று சான்றோடு சொல்ல முடிகிறது. இதனைச் சிறிது என்று நாம் கருதவில்லை.

என்ஐபிபிஎல் என்பது செவிக்கினிய சொல்லன்று. அதில் கவிதை இல்லை. பழியும் இல்லை. சொல்லழகைப் போற்றும் நாம், சில இடங்களில் அழகற்ற சொல்லே அறமுடையது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.