பொம்மைக்குமா பஞ்சம்?

"அரிதாக இருப்பதால்தான் ஒரு பொருள் அருமையாகிறது. தமிழ்ச் சொல்லிலேயே இந்த உண்மை இருக்கிறது. கிடைக்காத பொருள் மீதுதான் மனிதனுக்கு ஆசை பிறக்கும். இது இயற்கை விதி. இதில் சுரண்டல் எங்கே வந்தது?"

இப்படி ஒரு வாதம் இப்பொழுது நாகரிகமாகப் பேசப்படுகிறது. எதைப் பற்றி இந்தப் பேச்சு என்கிறீர்கள்? அரிசி பற்றி அல்ல, மருந்து பற்றியும் அல்ல. பொம்மை பற்றி! ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் நம் தோழர்கள் வீட்டுப் பிள்ளைகள்கூட பெயர் சொல்லிக் கேட்கத் தொடங்கிவிட்ட "லபுபு" என்ற பொம்மை பற்றி. பொம்மைதானே என்று விட்டுவிடலாம் என்றுதான் நாமும் முதலில் நினைத்தோம். ஆனால் அந்தப் பொம்மைக்குள் இருக்கும் பஞ்சு வேறு, வாதத்துக்குள் இருக்கும் விஷம் வேறு. பொம்மைக்குப் பொருந்தும் என்று இன்று ஒப்புக்கொண்டால், நாளை இதே வாதத்தை நெல்லுக்கும் வாடகைக்கும் நம் தலையில் வைத்துக் கட்டுவார்கள்.

முயல் காதும், கூரிய பல்லும், திருட்டுச் சிரிப்பும் கொண்ட குட்டிப் பேய் இந்த லபுபு. ஹாங்காங்கில் பிறந்து நெதர்லாந்தில் வளர்ந்த காசிங் லுங் என்ற ஓவியர் 2015ல் படக்கதைப் புத்தகத்துக்காக வரைந்தது. 2019 முதல் பெய்ஜிங்கைச் சேர்ந்த பாப் மார்ட் என்ற கம்பெனி இதைப் பொம்மையாக்கி விற்கிறது. 2024ல் தாய்லாந்தில் பிறந்த பாடகி லிசா தன் கைப்பையில் ஒன்றைத் தொங்கவிட்டார். உலகத்துக்கே பித்துப் பிடித்தது. 2025 ஜூன் 10ந் தேதி பெய்ஜிங்கில் நடந்த ஏலத்தில், 131 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பச்சை லபுபு 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்குப் போயிற்று. நம் பணத்தில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல்! உலகத்தில் இது ஒன்றுதான் உண்டு என்று ஏலக்காரர்கள் சொன்னார்கள். யார் உண்டாக்கிய "ஒன்றுதான்" அது? இரண்டாவது ஒன்றைச் செய்ய அச்சு இல்லையா, பஞ்சு இல்லையா, தையல் தைக்கக் கை இல்லையா?

கடைச் சரக்கின் சூட்சுமம் இன்னும் பெரிது. பெட்டியை மூடி விற்கிறார்கள். உள்ளே எந்தப் பொம்மை என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஒரு வரிசையில் ஆறு சாதாரண வகை. அவற்றோடு ஓர் "இரகசிய" வகை. அந்த இரகசியம் 72 பெட்டிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும். ஒரு பெட்டி சீனாவில் 99 யுவான். அப்படியானால் 72 பெட்டி வாங்கினால் இரகசியம் நிச்சயம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் 72ல் ஒரு வாய்ப்பு என்றால், 72 பெட்டி வாங்கியவர்களில் நூற்றுக்கு 36 பேர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஏழாயிரம் யுவானுக்கு மேல் கொட்டிய பிறகும்!

இந்த வியாபாரம் நமக்குத் தெரியாததா? பெட்டிக்கடையில் தொங்கும் லக்கி பிரைஸ் அட்டையில் நாலணாவைத் தொலைத்தவர்கள்தானே நாம்? லாட்டரிச் சீட்டு எத்தனை மில் தொழிலாளி வீட்டு அடுப்பை அணைத்தது என்பது நமக்குத் தெரியும். 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். அதே லாட்டரி இன்று முயல் காது வைத்துக்கொண்டு வருகிறது. சீட்டு கிழிக்கப் பெரியவர்கள் வந்தார்கள். பெட்டி கிழிக்கப் பிள்ளைகள் வருகிறார்கள்.

"அது சீனத்துக் கம்பெனிதானே? இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று சிலர் நம்மைக் குத்திக் கேட்பார்கள். கேட்கட்டும். எந்த நாட்டில் செய்தாலும் சூது சூதுதான். எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு மூடிய பெட்டி விற்கக் கூடாது என்று 2023ல் சீன அரசே விதி போட்டது. 2025 ஜூனில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் "மக்கள் தினசரி" இந்த வியாபாரத்துக்கு இன்னும் கடிவாளம் தேவை என்று எழுதியது. பாப் மார்ட்டின் பங்கு விலை சரிந்தது. அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் லபுபுக் கூட்டத்துப் பொம்மைகள் மட்டும் அந்தக் கம்பெனிக்குக் கொண்டுவந்து கொட்டிய வரவு 481 கோடி யுவான். கடிவாளம் எவ்வளவு தூரம் இழுக்கப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மூல வாதத்துக்கு வருவோம். அரிதாக இருந்தால் ஆசை கூடுமா, கூடாதா?

கூடும். இதை மறைப்பானேன்? திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்தது. இன்று அது ஊர்ப் பெயராகவும் ரயில் நிலையப் பெயராகவும் மட்டும் நிற்கிறது. ஒரு காலத்தில் தெருவில் தீப்பெட்டிப் படம் பொறுக்காத பையன் உண்டா? எல்லாரிடமும் இருக்கும் படத்துக்கு மதிப்பில்லை. வெளியூர்க்காரர் யாரோ வீசிவிட்டுப் போன, யாரிடமும் இல்லாத படம் கிடைத்துவிட்டால் அன்று அவன்தான் தெருவுக்கு ராஜா. பத்துச் சாதாரணப் படம் கொடுத்து அந்த ஒன்றை வாங்குவார்கள். அதில் சந்தோஷம் இருந்தது, அது பொய்யல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் படத்தை எந்த முதலாளியும் வேண்டுமென்று குறைத்து அச்சடிக்கவில்லை. அரிதாயிருந்தது தற்செயல். பையனும் அதை விற்றுப் பணக்காரனாக நினைக்கவில்லை.

இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் எதிர்வாதிகளின் சாமர்த்தியம் இருக்கிறது. "நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பது நம் பழமொழி. உண்மைதான். வெயில் நிழலின் அருமையைக் காட்டித் தருகிறது. ஆனால் ஊரிலுள்ள மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டு, ஒரே ஒரு மரத்தைச் சுற்றி வேலி போட்டு, நிழலில் நிற்கக் காசு கேட்பவனை என்னவென்று சொல்வோம்? இயற்கை விதியை நிறைவேற்றுகிறான் என்றா?

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தை மாதம் களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது விலை இல்லை. அதே நெல் வியாபாரி குடோனுக்குள் போய்க் கதவு பூட்டியபின், ஆடியில் "தட்டுப்பாடு" என்று வெளியே வருகிறது. நெல்லைப் பதுக்கினால் அதற்குப் பெயர் கள்ள மார்க்கெட். பொம்மையைப் பதுக்கினால் அதற்குப் பெயர் "லிமிடெட் எடிஷன்"!

இந்தத் தட்டுப்பாடு செயற்கை என்பதற்குக் கம்பெனியே சாட்சி சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் பாப் மார்ட் தலைவர் வாங் நிங், பஞ்சுப் பொம்மை உற்பத்தியை மாதத்துக்குச் சுமார் 3 கோடி வரை உயர்த்திவிட்டோம், முந்தைய ஆண்டைப்போல் பத்து மடங்குக்கு மேல் என்றார். அவ்வளவுதான். செப்டம்பரில் மறுவிற்பனைச் சந்தையில் விலை மளமளவென்று இறங்கியது. அதே காது, அதே பல், அதே சிரிப்பு. பொம்மையில் ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை. குறைந்தது என்ன? பக்கத்து வீட்டுக்காரனிடம் இல்லை என்ற கர்வமும், நாளைக்கு இரட்டை விலைக்குத் தள்ளலாம் என்ற கணக்கும் குறைந்தன. பொம்மையை நேசித்தவர்கள் அப்போதும் வைத்துக்கொண்டார்கள். ஓடியவர்கள் தரகர்கள்.

அமெரிக்காவில் இந்த நாடகம் முன்பே ஒரு முறை அரங்கேறி முடிந்தது. டை வார்னர் என்ற முதலாளி 1993ல் "பீனி பேபி" என்ற துணிப் பொம்மையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு வகையும் நன்றாக விற்கும்போதே "ஓய்வு பெறுகிறது" என்று அறிவித்து நிறுத்துவார். ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வூதியம் கேட்டால் மூக்கால் அழும் உலகத்தில், பொம்மைக்கு ஓய்வு கொடுத்தே கோடி கோடியாகக் குவித்தார்கள்! பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கியவர்கள் உண்டு. 1999ல் லாஸ் வேகாஸ் நகரில் விவாகரத்து வாங்கிய ஒரு தம்பதி, நீதிமன்றத் தரையில் குந்தி உட்கார்ந்து, ஆளுக்கு ஒன்றாகப் பொம்மைகளைப் பங்கு போட்டார்கள். அதை அடுத்து விலை சரிந்தது. அந்தப் பெட்டிகள் வெறும் துணியாயின. வார்னர் பின்னாளில் சுவிஸ் வங்கிக் கணக்கை மறைத்து வரி ஏய்த்த குற்றத்தை 2013ல் ஒப்புக்கொண்டார். சிறைக்குப் போகவில்லை.

"உழைப்பால்தான் மதிப்பு என்று சொல்கிறீர்களே, பழைய சிலைக்கும் பழைய நாணயத்துக்கும் விலை எப்படி வந்தது?" என்று நம்மை மடக்கப் பார்ப்பார்கள். மடங்க வேண்டியதில்லை. 1817லேயே ரிக்கார்டோ இதற்குப் பதில் எழுதிவிட்டார்: அரிய சிலை, ஓவியம், பழைய நூல், நாணயம் போன்ற சில பொருள்களை எவ்வளவு உழைத்தாலும் பெருக்க முடியாது, அவற்றின் விலை அருமையையும் வாங்குபவரின் ஆசையையும் பணத்தையும் பொறுத்தது, ஆனால் சந்தைக்கு வரும் சரக்கில் இவை மிகச் சொற்பம். மார்க்ஸும் பழம்பொருள்களை இப்படித் தனியே பிரித்துத்தான் பார்த்தார். மாதம் 3 கோடி வீதம் ஆலையில் உருவாகும் சரக்குக்குச் சோழர் காலச் சிலையின் வேஷத்தைக் கட்டி மேடையேற்றியதுதான் இருபத்தோராம் நூற்றாண்டு முதலாளித்துவத்தின் சாதனை.

உண்மையிலேயே அரிதாகிப்போன பொம்மை நம்மிடமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது.

மரப்பாச்சி. ஆணும் பெண்ணுமாக இரண்டு மரப்பொம்மை. கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குத் தாய்வீடு கொடுத்தனுப்பும் சீர். கொலு வைக்கும் வீடுகளில் மேல்படியில் முதலில் ஏறுவது. குழந்தை கடித்துச் சப்பினாலும் கெடுதல் இல்லை என்பார்கள். செம்மரத்தில் கடைவது பழைய வழக்கம். செம்மரம் ஆந்திராவின் தெற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் இயற்கையாக வளர்வது. வெட்டி வெட்டி அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இன்று செம்மர மரப்பாச்சி பழம்பொருள் பிரியர்கள் தேடும் அரும்பொருள். காரைக்குடியில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் வந்து தேடுகிறவர்களுக்கு அது வெறும் பொம்மை அல்ல, சொத்து.

மரம் அரிதானபோது என்ன நடந்தது? சீனத்து மரச்சாமானுக்கும் ஜப்பானிய இசைக்கருவிக்கும் கிராக்கி; ஏற்றுமதிக்குத் தடை. ஆகவே கடத்தல். நம் சென்னைத் துறைமுகத்தில் வேறு சரக்கின் பெயரில் கன்டெய்னருக்குள் ஒளித்த செம்மரக் கட்டைகளைச் சுங்கத்தார் பலமுறை பிடித்திருக்கிறார்கள். கட்டை பிடிபட்டது, கட்டையை வெட்டச் சொன்ன பெரிய மனிதர்கள் எத்தனை பேர் பிடிபட்டார்கள்? 2015 ஏப்ரல் 7ந் தேதி சேஷாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் போன ஏழைகள். ஜவ்வாது மலைப் பழங்குடிகளும் அவர்களில் உண்டு. கல்லும் கோடாலியும் கொண்டு தாக்க வந்தார்கள் என்றது போலீஸ். பிடித்துக் கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றார்கள் மனித உரிமை இயக்கத்தினர். ஊரில் வேலை இல்லை; மலையில் மழை இல்லை; நாள் கூலி என்று சொல்லிக் கூட்டிப்போனான் தரகன். அந்த மரம் பொம்மைக்காக வெட்டப்பட்டது என்று நாம் சொல்லவில்லை. "அரிது என்றால் அருமை, இதில் யாருக்கும் நஷ்டமில்லை" என்பவர்கள் அந்த இருபது வீட்டு வாசலில் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

இன்னொரு இடத்துக்கும் அவர்கள் போய் வரலாம். தூரமில்லை, ராயபுரத்திலிருந்து கொஞ்சம் மேற்கே, கொசப்பேட்டை. மண்ணும் காகிதக் கூழும் பிசைந்து, இரண்டு பாதி அச்சில் அழுத்தி, ஒட்டி, உலர்த்தி, கண் எழுதிக் கொலுப் பொம்மை செய்யும் குயவர் தெருக்கள். அங்கே எந்தப் பொம்மையும் இரகசியமில்லை. பெட்டியும் மூடியும் இல்லை. எல்லாம் திண்ணையில் வெயிலில் காய்கிறது. ஒரு அச்சில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், எடுக்கிறார்கள். பெருமாளும் செட்டியாரும் செட்டிச்சியும் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனாலும் தன் பாட்டி வாங்கிய மூக்கு உடைந்த செட்டியாரை யாரும் புதிதோடு மாற்றிக்கொள்வதில்லை. அரிதாயிருப்பதால்தான் ஆசை என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அதே தெருவில் நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் நின்று பாருங்கள். மழை தூறினால் பொம்மை மேல் தார்ப்பாயை இழுத்துப் போட ஓடும் பெண்கள், தூரிகையைக் கீழே வைக்க நேரமில்லாத கிழவர்கள். கார் வந்து நிற்கும். 72ல் ஒரு பெட்டிக்கு ஆயிரமாயிரமாய் அள்ளி வீசும் வர்க்கத்தார் இறங்குவார்கள். கையால் எழுதிய கண்ணுள்ள பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருபது ரூபாய் குறைத்துக் கொடேன்" என்று பேரம் பேசுவார்கள்.