ஒடுகத்தூர் மழைக்கும் எண்ணூருக்கும் என்ன சம்பந்தம்? மீனவர் ஊர் ஆலை நகரான கதை

ஜவ்வாது மலையில் பிறந்து ஒடுகத்தூர் வழியா ஓடும் உத்திர காவேரி, பள்ளிகொண்டா அருகே பாலாற்றில் கலக்கிறது. பாலாற்று வெள்ளத்தில் ஒரு பங்கு, வாலாஜா அணைக்கட்டிலிருந்து கால்வாயில் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகும். ஏரி நிரம்பினால் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, சென்னையின் வடக்கு ஓரமான எண்ணூரில் கடலைத் தொடும்.

முன்னாடி எப்படி இருந்தது?
மீன், இறால், உப்பளம். இதுதான் பழைய எண்ணூர். ஆங்கிலேயர் காலத்தில் பட்டணத்துக்காரர்கள் காற்று வாங்கப் போன கடற்கரையும்கூட.

எப்போ மாறியது?
1948: அசோக் மோட்டார்ஸ், இன்றைய அசோக் லேலண்ட்
1970: எண்ணூர் அனல்மின் நிலையம் (2017-ல் மூடல்)
1994: வடசென்னை அனல்மின் நிலையம்
2001: நிலக்கரி இறக்க எண்ணூர் துறைமுகம்
2011: எண்ணூர் அடங்கிய கத்திவாக்கம் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைப்பு

சிக்கல் என்ன?
வேலை வந்தது, கூடவே சாம்பலும் வந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகத்தின் ஆழம் குறைஞ்சு போச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து, படகு, வலை எல்லாம் கறுத்துப்போனது. அதே மாதம் 26-ம் தேதி இரவு கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் வீட்டை விட்டு ஓடினாங்க.

நமக்கு ஏன் முக்கியம்?
வடசென்னை வெள்ளம் கடலுக்குப் போகும் வாசல் இந்த முகத்துவாரம். அது சுருங்கினால் மீனவர் பிழைப்பு போகும். மணலி வீடுகளுக்குள்ளும் தண்ணீர் ஏறும். மேலே பெய்யும் மழைக்கு இறங்கிப்போக இடம் வேணும்.