மறந்துவிடு என்பது மருந்தல்ல

2018 ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்து வந்திருந்த என் பள்ளித் தோழர் ஒருவர், ஏ-9 வீதியால் வரும் வழியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்தபடி அமர்ந்திருந்த தாய்மாரைக் கண்டிருக்கின்றார். என் வீட்டு விறாந்தையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "மச்சான், சண்டை முடிஞ்சு ஒன்பது வருசமாச்சு. இந்தச் சனம் இன்னும் அழுதுகொண்டிருந்தால் எப்பிடி முன்னேறுறது? மறந்திட்டு அலுவலைப் பார்க்க வேண்டாமோ?"

இரண்டு நாட்கள் கழித்து உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கு இருவரும் போயிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் சீனவெடி கொளுத்தினார்கள். பந்தியில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழர் இலையைத் தட்டிவிட்டு எழுந்து சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். முகம் வெளிறிக் கை நடுங்கியது. 1990 இல் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டைக் காலத்தில் விமானக் குண்டுவீச்சில் இடிந்த பதுங்குகுழிக்குள் இருந்து உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டவர் அவர். இருபத்தெட்டு ஆண்டுகளும் ஒரு பெருங்கடலும் கடந்துவிட்டன. மறக்கச் சொன்னவரின் உடம்பு எதையும் மறக்கவில்லை.

அவரை ஏளனம் செய்வதற்காக இதை எழுதவில்லை. "மறந்துவிடு" என்ற சொல் நம் வீடுகளிலும் மேடைகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் ஒரு மருந்தைப் போல விற்கப்படுகின்றது. அது மருந்தல்ல என்பதே என் வாதம்.

நான் மருத்துவன் அல்லன். கலைப்பீடத்தில் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன். ஆயினும் போரைப் பற்றி எழுதியவனுக்கு மனவடுவைப் பற்றிப் படிக்காமல் இருக்க முடியவில்லை. சாதாரண நினைவுக்கு ஒரு தேதி உண்டு, அது பழசாகும். மனவடுவின் நினைவு அப்படிப்பட்டதன்று. ஓர் ஓசையிலோ எரிந்த நாற்றத்திலோ அது இன்றைய நிகழ்வாகவே திரும்பி வருகின்றது. நித்திரை கெடுகின்றது, திடுக்கிடல் வருகின்றது, எதிலும் பிடிப்பற்றுப் போகின்றது. அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் ஆட்களையும் மனிதர் தவிர்க்கத் தொடங்குகின்றனர். இந்தத் தவிர்த்தலை உளமருத்துவம் நோயின் அறிகுறிகளுள் ஒன்றாகவே கணிக்கின்றது. நோயை நீடிக்க வைப்பதும் அதுவே. அப்படியாயின், மறந்துவிடு என்று சொல்பவர் என்ன செய்கின்றார்? அறிகுறியையே மருந்தாக எழுதிக் கொடுக்கின்றார்.

அமெரிக்காவில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினருக்கும் இதுவே சொல்லப்பட்டது. அவர்களும் அவர்களோடு நின்ற மருத்துவர்களும் வாதாடிய பின்னரே, 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இப்பாதிப்பு தனிப் பெயரோடு இடம்பெற்றது. யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நடந்துகொண்டிருந்த போதே இதைப் பற்றி எழுதி, 1998 இல் ஆங்கிலத்தில் நூலாகவும் வெளியிட்டார். ஆகவே தெரியாது என்று நாம் சொல்ல முடியாது.

நம் சனம் இதை மனதின் பாசையில் சொல்வதில்லை. நெஞ்சு விறைக்குது, தலையிடி, உடம்பெல்லாம் எரிவு, பெருமூச்சு என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். பனடோல் கிடைக்கும். ஆண்களில் பலருக்கு அதுவுமில்லை, கசிப்புத்தான். ஊர் அவனைக் குடிகாரன் என்று சொல்லிவிட்டுப் போய்விடும். உளநல சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னாலோ, "எனக்கென்ன விசரோ?" என்பதே பதில். வீட்டுக்குமரைக் கரைசேர்க்க முடியாமற் போய்விடும் என்று கிளினிக் அட்டையைப் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்த தகப்பனை நான் அறிவேன். இந்தப் பழியை அரசின் தலையில் போட்டுவிட முடியாது, இது நம்முடையது.

அரசின் பங்கு வேறு. 2009 இல் போர் முடிந்த கையோடு வன்னியில் உளசமூகப் பணிகள் செய்ய முன்வந்தவர்களுக்கு வடக்கிற்கான ஜனாதிபதி செயலணி இலகுவில் அனுமதி வழங்கவில்லை. வீதி போடலாம், கட்டடம் கட்டலாம், ஒருத்தி வாய்விட்டு அழுவதற்குப் பக்கத்தில் இருக்க மட்டும் முடியாது. துயிலும் இல்லங்கள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 2021 சனவரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இரவோடிரவாக உடைக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே மீளக் கட்ட விட்டார்கள். 2024 மே மாதம் சம்பூரில் கஞ்சி வழங்கியதற்காகப் பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டனர். அரிசியும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த கஞ்சி!

செத்தவீட்டை நாம் எப்படி நடத்துவோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒப்பாரி, எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, கல்வெட்டு, ஆட்டைத் திவசம். துக்கத்தைப் படிப்படியாக இறக்கி வைப்பதற்கு நம் முன்னோர் கட்டிய படிக்கட்டு அது. உடலே கிடைக்காத தாய் இதில் முதற் படியில் எப்படிக் கால் வைப்பாள்? அந்தியேட்டி செய்தால் மகனைத் தானே கொன்றதாகிவிடும். செய்யாவிட்டால் காத்திருப்பு முடியாது. காணாமலாக்கப்பட்டவனின் மனைவி பொட்டு வைப்பதா அழிப்பதா என்று ஒவ்வொரு காலையும் கண்ணாடி முன் நிற்கின்றாள். இவர்களைப் பார்த்து "மற" என்கின்றோம். எதை மறப்பது? அது இன்னும் நடந்து முடியவில்லையே.

"சொல்" என்பவர்களையும் விட்டுவிடப் போவதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மொழிபெயர்ப்பாளரோடு வந்திறங்கிய வெளிநாட்டு ஆலோசகர்கள் பலர், ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிட்டு அடுத்த முகாமுக்குப் போனார்கள். அத்தகைய ஒரே அமர்வு பயன் தராது என்பதால் உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைப்பதில்லை. பின்னர் விசாரணைகள் வந்தன. 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013 இல் காணாமற் போனோர் பற்றிய ஆணைக்குழு, 2016 இல் கலந்தாலோசனைச் செயலணி, 2018 இல் காணாமற் போனோர் அலுவலகம். ஒரே தாய் ஒரே படத்தோடு ஒரே கதையை நான்கு மேசைகளின் முன் சொன்னாள். மகன் எங்கே என்ற கேள்விக்கு ஒரு மேசையிலிருந்தும் விடை வரவில்லை. புண்ணைத் திறந்து பார்த்துவிட்டுக் கட்டாமல் அனுப்புவதற்குப் பெயர் விசாரணையா?

அந்த வரிசையில் ஐந்தாவது மேசை என்னுடையது. 2010 இல் மீள்குடியேறிய கிராமமொன்றில் ஒரு தாயைச் சந்தித்தேன். தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து மூன்று மணி நேரம் பேசினார். அழும் தருணத்தில் படப்பிடிப்பாளருக்குக் கண்ணைக் காட்டியவன் நான். கட்டுரை ஞாயிறு பதிப்பில் அரைப்பக்கம் வந்தது, பலர் பாராட்டினார்கள். பிறகு 2017 இல், அதே கிளிநொச்சிக் கோவிலடியில் அவரைக் கண்டேன். கோப்புறைக்குள் என் கட்டுரையை மடித்து வைத்திருந்தார். "திரும்ப வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனனீங்கள், தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

பேசுவதால் ஆறுவதுண்டு. ஆனால் அச்சம் நீங்கிய இடத்தில், கேட்பவர் நாளையும் வருவார் என்ற நம்பிக்கையில், சொல்பவர் விரும்பும் வேகத்தில் பேசவேண்டும். ஜூடித் ஹேர்மன் 1992 இல் எழுதிய நூலில் பாதுகாப்பை முதலிலும், நினைவுகூர்ந்து துக்கிப்பதை அதன் பின்னரும், மனிதரோடு மீள இணைவதை அதற்கும் பின்னரும் வைத்தார். இராணுவ முகாமின் வேலிக்குப் பக்கத்தில் வாழ்பவருக்கு அந்த முதலாவதே இன்னும் வரவில்லை.

இதற்கெல்லாம் நம்மிடம் ஆளில்லை என்று சாக்குச் சொல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆழிப்பேரலையின் பின் வடகிழக்கு முகாமொன்றில் போராலும் அலையாலும் பாதிக்கப்பட்ட 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளித்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் உளவளத்துணையாளர்கள். ஒரு பகுதிப் பிள்ளைகள் தம் வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தனர். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தனர். ஆறே அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பகுதியிலும் பெரும்பாலானோர் தேறியிருந்தனர். 2009 இல் வெளிவந்த ஆய்வு இது. அதே ஆண்டில்தான் முள்ளிவாய்க்காலும் நடந்தது. கோவில் கோபுரங்களுக்கு அள்ளிக் கொடுக்கும் புலம்பெயர் உறவுகள், ஒரு கிராமத்துக்கு இரண்டு உளவளத்துணையாளரின் சம்பளத்தைப் பொறுப்பேற்க முடியாதா?

தோழர் திரும்பிப் போகும் நாளில் கட்டுநாயக்காவிலிருந்து தொலைபேசி எடுத்தார். விமானம் தாமதம் என்றார், வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு, "டேய், அந்த பங்கருக்குள்ள என்னோட இன்னும் ரெண்டு பேர் இருந்தவங்கள். உனக்குச் சொன்னனானோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டேன்.